நாளுக்கு 17 டாலர்

பழைய கார் வாங்கப் போனால் புரோக்கர் முதலில் எடுத்துவிடும் வசனம் ஒன்று உண்டு. "டாக்டர் வண்டி சார். சிங்கிள் ஓனர். வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு, அவ்வளவுதான் ஓடியிருக்கு." அதே புரோக்கர் பக்கத்தில் நிற்கும் இன்னொரு வண்டியைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "அது வேணாம் சார், பசங்க வெச்சிருந்தது. அடிச்சு ஓட்டியிருக்காங்க" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் இயந்திரங்களின் ஆயுளைப் பற்றிய முழுக் கோட்பாடே இருக்கிறது. மெதுவாக உழைத்தது நெடுநாள் வாழும், விரட்டப்பட்டது சீக்கிரம் சாகும். மாட்டுக்கும் மனிதனுக்கும் நாம் வைத்திருக்கும் கணக்கை அப்படியே இரும்புக்கும் நீட்டிக்கொண்டோம்.

சாதாரண மாருதிக்கு இந்தக் கணக்கு சரியோ தப்போ, பெரிதாக ஒன்றும் நட்டமில்லை. வேகத்துக்காகவே செய்யப்பட்ட கார்களில்தான் சிக்கல். அந்த வண்டியை மெதுவாக ஓட்ட யார் வாங்குவார்கள்? இரண்டாம் கையில் அதை வாங்குகிறவர், முதல் கை அதை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று தெரிந்தேதான் வாங்குகிறார். இல்லை, தெரியாத மாதிரி தன்னையே நம்பவைத்துக்கொண்டு வாங்குகிறார்.

இந்தக் கேள்வியை ஒரு நிறுவனம் தன் சொந்தக் காசில் சோதித்துப் பார்த்தது. சோதனை என்று தெரிந்து செய்யவில்லை, விளம்பரம் என்று நினைத்துச் செய்தது. 1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம், பந்தயக் காரின் சகோதரன் என்று சொல்லத்தக்க சுமார் 1,000 வண்டிகளை வாங்கிப் பொதுமக்கள் கையில் கொடுத்தது. வாடகை நாளுக்கு 17 டாலர், அதற்கு மேல் ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் 17 சென்ட். ஒரே மாதிரியான 1,000 வண்டிகள், ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான கால்கள். எந்த ஆய்வுக்கூடத்தாலும் இப்படியொரு சோதனையை ஏற்பாடு செய்திருக்க முடியாது.

*

கதை கரோல் ஷெல்பியிடம் தொடங்குகிறது. டெக்சஸ்காரர், பிறந்தது 1923. கோழிப்பண்ணை வைத்து, கோழிகளெல்லாம் நோயில் செத்து, கடனில் விழுந்த பிறகுதான் முழுநேரப் பந்தய ஓட்டுநர் ஆனார். பண்ணையில் போட்டிருந்த கோடுபோட்ட மேலங்கியோடே பந்தயத்துக்கு வந்தது அவருடைய அடையாளமாகிவிட்டது. 1959இல் ராய் சால்வடோரியுடன் சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். அப்போதே இதயத்தில் கோளாறு. அடுத்த ஆண்டு நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் மாத்திரையை வைத்துக்கொண்டு ஓட்டினார் என்பது அவரே சொன்ன கதை. 1960 முடிவில் ஓட்டுவதை விட்டுவிட்டு, கார் செய்பவராக மாறினார். பிரிட்டிஷ் ஏ.சி. நிறுவனத்தின் சின்ன உடலுக்குள் ஃபோர்டின் வி8 என்ஜினைத் திணித்து 'கோப்ரா'வை உருவாக்கினார்.

1964 ஏப்ரலில் ஃபோர்ட் நிறுவனம் மஸ்டாங்கை வெளியிட்டது. ஒரே ஆண்டில் 4 லட்சத்துக்கு மேல் விற்றது. பார்க்க வேகமான வண்டி, உள்ளே எடுத்துப் பார்த்தால் பாதி பாகங்கள் 'ஃபால்கன்' என்ற சாதுவான குடும்பக் காருடையவை. இதற்கு ஒரு பந்தயப் பெயர் வேண்டும் என்று ஃபோர்ட் ஷெல்பியிடம் வந்தது. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் விதிப்படி, உற்பத்திக் கார் பிரிவில் ஓட வேண்டுமென்றால் அது இரண்டு இருக்கை வண்டியாக இருக்க வேண்டும், குறைந்தது 100 வண்டிகள் செய்திருக்க வேண்டும். ஷெல்பி பின்இருக்கையைத் தூக்கிப்போட்டார். நான்கு இருக்கை இரண்டாகிவிட்டது, விதி நிறைவேறியது. நம்ம ஊர் ஆர்.டி.ஓ. ஏஜெண்ட்கூட இதை மெச்சியிருப்பார்.

அதுதான் ஜி.டி.350. 4.7 லிட்டர் என்ஜின், ஃபோர்ட் கணக்கில் 271 குதிரைத்திறன், ஷெல்பி கை வைத்த பிறகு 306. லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தை ஒட்டிய கொட்டகைகளில் மாற்றியமைக்கப்பட்டது. 1965இலேயே ஜெர்ரி டைட்டஸ் இதை ஓட்டி 'பி புரொடக்‌ஷன்' பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றார். ஆனால் தெருவில் ஓட்ட அது கொஞ்சம் கொடுமையான வண்டி. சத்தம், குலுக்கல், கனமான கிளட்ச். முதல் ஆண்டில் 600கூடச் செய்யவில்லை. 1966க்கு வண்டியைச் சற்று சாதுவாக்கினார்கள்: பின்இருக்கை வந்தது, பல நிறங்கள் வந்தன, ஆட்டோமேட்டிக் கியர் வந்தது. இனி வேண்டியது மொத்தமாக வாங்க ஓர் ஆள்.

அந்த ஆள்தான் ஹெர்ட்ஸ். 1918இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் ஒரு டஜன் ஃபோர்ட் மாடல் டி வண்டிகளோடு ஆரம்பித்த வாடகைத் தொழிலை, 1923இல் யெல்லோ கேப் டாக்சி அதிபர் ஜான் ஹெர்ட்ஸ் வாங்கித் தன் பெயரை வைத்தார். அறுபதுகளில் ஏவிஸ் நிறுவனம், தான் இரண்டாமிடத்தில் இருப்பதையே பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்து ஹெர்ட்ஸுக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்தது. ஹெர்ட்ஸிடம் 'ஸ்போர்ட்ஸ் கார் கிளப்' என்று ஒரு திட்டம் ஏற்கெனவே இருந்தது. 25 வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்களுக்கு வேகமான கார்களை வாடகைக்கு விடும் திட்டம். ஷெல்பி நிறுவனத்தின் பொது மேலாளர் பெய்டன் கிரேமர் அங்கே போய்ப் பேசினார். ஹெர்ட்ஸ் முதலில் 100 வண்டி கேட்டது, பிறகு எண்ணிக்கையை 1,000 ஆக்கியது. 1966இல் ஷெல்பி செய்த ஜி.டி.350களில் ஐந்தில் இரண்டு பங்கு ஹெர்ட்ஸுக்கே போனது. பெரும்பாலானவற்றுக்குக் கறுப்பு உடம்பு, தங்கக் கோடு. பெயரின் கடைசியில் ஓர் 'எச்' சேர்ந்தது: ஜி.டி.350எச்.

அன்றைக்கு அமெரிக்காவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.25 டாலர். 17 டாலர் என்றால் ஏறக்குறைய பதினான்கு மணி நேர உழைப்பு. மலிவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பந்தயக் காரை முழுநாள் கையில் வைத்துக்கொள்ள, அதுவும் அடுத்தவன் வண்டியாக, பதினான்கு மணி நேரம் உழைக்கலாம்தானே?

*

ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. வாடகை வண்டியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான பழமொழி வேறெந்த மொழியிலும் இருக்குமா தெரியவில்லை.

கதைகள் ஏராளம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்து, இரவோடு இரவாகக் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவை உள்ளே வெல்டு செய்து, சனி ஞாயிறு பந்தயத்தில் ஓட்டிவிட்டு, வளைவை அறுத்தெறிந்து, திங்கட்கிழமை காலை நல்ல பிள்ளையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் வெல்டிங் தழும்பு இருக்கும். இன்னொரு கதையில், வாடகை வண்டியின் என்ஜினைக் கழற்றித் தங்கள் வண்டியில் மாட்டிக்கொண்டு, தங்கள் பழைய என்ஜினை வாடகை வண்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். 'ரென்ட்-எ-ரேசர்' என்ற பட்டப்பெயர் இந்தக் கதைகளோடுதான் ஒட்டிக்கொண்டது.

இவற்றில் எத்தனை நிஜம்? சில நடந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் 1,000 வண்டியும் வாராவாரம் பந்தயத்துக்குப் போயிருக்க முடியாது. அத்தனை பந்தயக்காரர்களுக்கு எங்கே போவது? என் கணிப்பில் பெரும்பாலானவை சந்தித்தது பந்தயத்தைவிடச் சாதாரணமான ஒரு கொடுமையை. விமான நிலையத்துக் கவுண்டரில் சாவியை வாங்கி, ஆறிக் கிடக்கும் என்ஜினை முடுக்கி, வாசலைத் தாண்டியதும் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தும் ஒரு விற்பனைப் பிரதிநிதி. மறுநாள் இன்னொருவர். அதற்கு மறுநாள் வேறொருவர். பந்தயக்காரருக்காவது இயந்திரத்தின் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு, அது உடைந்தால் அவர் தோற்றுவிடுவார். வாடகைக்காரருக்கு அந்தக் கவலையும் இல்லை.

ஹெர்ட்ஸ் சீக்கிரமே இரண்டு விஷயங்களைக் கண்டுகொண்டது. முதலில் வந்த 100க்கும் குறைவான வண்டிகள் நான்கு கியர் மேனுவல் வகை. கையால் கியர் மாற்றும் வாடகைக்காரர்கள் கிளட்சைத் தீய்த்தார்கள். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் ஆட்டோமேட்டிக். இதைப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விஷயம் பிரேக். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி இதுதான். ஷெல்பி தன் வண்டியில் பந்தயத்துக்கான உலோகக் கலவை பிரேக் பேடுகளைப் போட்டிருந்தார். அவை சூடாக இருந்தால்தான் பிடிக்கும். பந்தயத்தில் திரும்பத் திரும்ப அழுத்தும்போது சாதாரண பேட் சூட்டில் வழுக்கத் தொடங்கும், இவை அப்போதுதான் விழித்துக்கொள்ளும். ஆனால் காலையில் ஆறிப்போன வண்டியை எடுத்து, முதல் சிக்னலில் மெல்லக் காலை வைத்தால், வண்டி நிற்காது. முன்னால் நின்ற வண்டியின் முதுகில் போய் முட்டும். புகார்கள் குவிந்தன. கடைசியில் ஹெர்ட்ஸ் ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியது: இந்த வண்டியில் இருப்பது பந்தய பிரேக், வழக்கத்தைவிட பலமாக மிதிக்க வேண்டியிருக்கும் என்று. பிறகு மிதி இலகுவாக இருக்கும்படி மாற்றங்களும் செய்தார்கள்.

அதாவது, விரட்டி ஓட்டினால் ஒழுங்காக வேலை செய்து, மென்மையாக ஓட்டினால் ஆபத்தாகும் ஒரு பாகம். புரோக்கரின் கோட்பாட்டில் இதற்கு இடமே இல்லை.

*

பிரேக் ஒரு விதிவிலக்கு என்று நினைக்கலாம். அப்படியும் சொல்ல முடியாது. ஷெல்பிக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டனில் இதே கேள்வியை என்ஜினிடம் கேட்டுப் பார்த்திருந்தார்கள்.

அந்தக் காலத்துக் கார்களில் சிலிண்டர் சுவர் சீக்கிரமே தேய்ந்துவிடும். சில ஆண்டுகளில் 'ரீபோர்' செய்யாமல் தீராது. உரசலால் தேய்கிறது, வேகமாக ஓட்டினால் உரசல் அதிகம், ஆகவே தேய்மானம் அதிகம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 1930களில் பிரிட்டனின் ஆட்டோமொபைல் பொறியாளர் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் சி.ஜி. வில்லியம்ஸ் இதை அளந்து பார்த்தார். என்ஜினைப் பலவித வெப்பநிலைகளில் ஓட்டி, சிலிண்டரைத் திரும்பத் திரும்ப அளந்தார். முடிவு எல்லோரையும் திகைக்கவைத்தது. நன்றாகச் சூடேறிய என்ஜின் பாரத்தை இழுக்கும்போது தேய்மானம் மிகக் குறைவு. ஆறிய சிலிண்டர் சுவரோடு ஓடும்போது பலமடங்கு அதிகம். அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஆறிய நிலையில் கிளப்பும் என்ஜின்தான் மிக மோசமாக அடிபட்டது. உரசலைவிடப் பெரிய குற்றவாளி அரிப்பு.

காரணம் ரசாயனம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியாது, ஆனால் பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறென்ன வரும்? என்ஜின் சூடாக இருந்தால் அந்த நீர் ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். ஆறியிருந்தால் சிலிண்டர் சுவரிலேயே பனித்துளி போலப் படியும். எரிபொருளில் இருந்த கந்தகம் அதில் கரைந்து அமிலமாகும். அமிலம் அரிக்க, மோதிரம் சுரண்ட, சுவர் கரையும். என்ஜின் சீக்கிரம் சூடேற தெர்மோஸ்டாட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஆய்வு வலுவான ஆதாரமானது. பிஸ்டன் மோதிரத்துக்குக் குரோமியம் பூசுவதற்கும் அப்படியே.

இப்போது நம் டாக்டர் வண்டியைத் திரும்பிப் பாருங்கள். வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு. இரண்டு கிலோமீட்டர் போய் நிற்கும், என்ஜின் சூடாகும் முன்பே அணைந்துவிடும், மறுபடி ஆறும், மறுபடி கிளம்பும். வில்லியம்ஸ் தன் ஆய்வுக்கூடத்தில் என்ஜினைக் கெடுப்பதற்காகவே வடிவமைத்த முறைக்குப் பெயர் வைத்தால் 'டாக்டர் வண்டி' என்றுதான் வைக்க வேண்டும். இன்றைய ஆயிலும் கந்தகம் குறைந்த பெட்ரோலும், நம்ம ஊர் வெயிலும் இதைப் பெருமளவு தணித்துவிட்டன என்பதும் உண்மை. புரோக்கர் தப்பித்தார்.

இன்னொரு விசித்திரம் கேம் ஷாஃப்ட்டில் இருக்கிறது. ஜி.டி.350 காலத்து என்ஜின்களில் கேமின் மூக்கு தட்டையான டேப்பெட் மேல் சறுக்கி வால்வைத் திறக்கும். வால்வு ஸ்பிரிங் முழு பலத்தோடு அந்த மூக்கை அழுத்திக்கொண்டிருக்கும். என்ஜின் வேகமாகச் சுழலும்போது, மேலே போன வால்வின் வேகமே ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் மூக்கின் மேல் பாரம் குறைகிறது. ஐடிலிங்கில்தான் பாரம் முழுசு. அப்போது ஆயிலும் குறைவாகத் தெறிக்கிறது. சிக்னலில் மணிக்கணக்காக உறுமிக்கொண்டு நிற்பது கேமுக்குப் பந்தயத்தைவிடக் கொடுமை.

*

அப்படியென்றால் அடித்து ஓட்டுவது நல்லதா? அவசரப்பட வேண்டாம். தேய்வதும் உடைவதும் வேறு வேறு.

தேய்மானம் மெல்ல வரும் நோய். உடைவது திடீரென்று வரும். அதன் கணக்கைப் போட்டவர்கள் கார்க்காரர்கள் கிடையாது, ரயில்காரர்கள். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் என்ஜின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஏறிக்கவிழ்ந்து தீப்பிடித்தன. பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளேயே கருகினார்கள். தென் கடல்களைச் சுற்றிவந்த கடலோடி துமோன் துர்வில் குடும்பத்தோடு அதில் இறந்தார். எந்தப் பாரத்தை நாள்தோறும் தாங்கியதோ, அதே பாரத்தில் அச்சு ஏன் ஒருநாள் முறிகிறது? பிரஷ்ய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி, லட்சக்கணக்கான முறை வளைத்து, முறியும்வரை எண்ணினார். அவர் கண்டது இது: இரும்புக்கு ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே எத்தனை கோடி முறை வளைத்தாலும் அது சளைப்பதில்லை. கோட்டைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறும், கணக்கு நிறைந்ததும் முறியும்.

இதை ஜி.டி.350இன் என்ஜினுக்குள் வைத்துப் பார்க்கலாம். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 73 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 6,000 சுற்றில், மேல் முனையில் நின்று திரும்பும் கணத்தில், பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 1,800 மடங்குக்கு மேல். அரைக் கிலோ பிஸ்டன் அந்த நொடித்துளியில் கிட்டத்தட்ட ஒரு டன் எடையாகி கனெக்டிங் ராடைப் பிடித்து இழுக்கிறது. ஒரு நொடியில் இது 100 முறை. 3,000 சுற்றில் அதே இழுப்பு கால் டன்தான், ஏனென்றால் விசை சுழற்சியின் வர்க்கத்தில் ஏறும். இது வடிவமைப்பாளருக்குத் தெரியும். சிவப்புக் கோடு என்று மீட்டரில் வரைந்திருப்பது அவருடைய கணக்கில் வோலரின் கோட்டுக்குப் பாதுகாப்பான தூரத்தில் இருக்கும் இடம். அதுவரை காலை வைக்கலாம். நாள் முழுக்க வைத்தாலும் ராட் அதைக் கணக்கில் எழுதாது, ஆயிலும் தண்ணீரும் ஒழுங்காக இருக்கும்வரை.

சிவப்புக் கோட்டைத் தாண்டுவது எப்படி நடக்கிறது? அந்தக் காலத்து மேனுவல் வண்டியில் ஒரு வழி, தவறான கியர். நான்காவதிலிருந்து மூன்றாவது என்று நினைத்து வேகத்தில் இரண்டாவதில் தள்ளினால், சக்கரமே என்ஜினைப் பிடித்துச் சுழற்றும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் பயனில்லை. ஒரு வினாடிக்குள் ராட் தன் ஆயுள் முழுக்கப் பார்த்திராத இழுப்பைப் பார்த்துவிடும். அன்றைக்கே உடையாமல் போகலாம். கணக்கில் மட்டும் ஏறியிருக்கும். அடுத்து வாங்குகிறவரிடம் உடையும்.

இங்கேதான் ஹெர்ட்ஸின் ஆட்டோமேட்டிக் முக்கியமாகிறது. ஹெர்ட்ஸ் கிளட்சைக் காப்பாற்றத்தான் மாற்றியது. ஆனால் அந்த ஒரு முடிவு, 900க்கு மேற்பட்ட என்ஜின்களை அந்தத் தவறான கியரிலிருந்தும் பெருமளவு காப்பாற்றியிருக்க வேண்டும். மிதித்தவர் எவ்வளவு மிதித்தாலும் கியர் தானே மேலே மாறிவிடும். விற்பனைப் பிரதிநிதியின் கால் வலிமையெல்லாம் டயரோடும் ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெயோடும் முடிந்துபோனது.

அதே 1966 ஜூனில், அதே ஷெல்பியின் ஆட்கள் நடத்திய ஃபோர்ட் ஜி.டி.40 கார்கள் லெ மானில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தன. அதற்கு முன் ஃபோர்ட் பொறியாளர்கள் டியர்பர்ன் ஆய்வுக்கூடத்தில் ஒரு வேலை செய்திருந்தார்கள். லெ மானின் ஒரு சுற்றில் எங்கே எந்தக் கியர், எவ்வளவு சுழற்சி என்று பதிவு செய்து, அதை நாடாவில் ஏற்றி, என்ஜினை மேடையில் கட்டிவைத்து, மனிதர் இல்லாமல் மணிக்கணக்காக அந்தச் சுற்றையே ஓட்டவிட்டார்கள். உடைந்ததை மாற்றினார்கள், மறுபடி ஓட்டினார்கள். 7 லிட்டர் என்ஜினின் முழுத் திறனையும் கேட்காமல், அது 24 மணி நேரம் தாங்கும் அளவுக்குக் குறைத்துத்தான் அனுப்பினார்கள். விரட்டுவதையும் ஆயுளையும் எண்ணிக்கையாகப் பார்க்க ஒரு பக்கம் அவ்வளவு பணம் செலவழித்த அதே நிறுவனத்தின் வண்டிகள்தாம், இன்னொரு பக்கம் யார் எப்படி ஓட்டினார்கள் என்ற ஒரு வரிக் குறிப்புகூட இல்லாமல் வாடகைக்குப் போய்வந்தன.

*

ஹெர்ட்ஸ் வண்டிகளை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. அவை ஃபோர்டிடம் திரும்பின, சரிசெய்யப்பட்டன, டீலர்கள் வழியாகப் பழைய கார்களாக விற்கப்பட்டன. சரிசெய்யும்போது சில வண்டிகளில் ஷெல்பியின் சிறப்புப் பாகங்கள் போய்ச் சாதாரண பாகங்கள் வந்தன. வாங்குகிறவர்களிடையே வாடகை வண்டி என்ற பெயர் ஒரு கறையாகத்தான் இருந்தது. சக்கரத்தின் நடுவிலிருந்த ஹெர்ட்ஸ் சின்னத்தைப் பிடுங்கியெறிந்தவர்கள் உண்டு. எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது, பெரிய வி8 என்ஜின் கொண்ட எல்லா வண்டிகளும் கேட்பாரற்றுக் கிடந்தன.

1975இல் ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப் தொடங்கப்பட்டது. அதன் ஆர்வலர்கள் ஒவ்வொரு சேசிஸ் எண்ணாகத் தேடி, எந்த வண்டி யாரிடமிருந்து யாரிடம் போனது, எது எரிந்தது, எது திருடுபோனது என்று ஒரு பதிவேட்டை உருவாக்கினார்கள். ஊர்க் கோயிலில் பரம்பரை எழுதிவைப்பதைப் போன்ற பொறுமை அது. அந்தப் பதிவேடு வந்த பிறகு விலை திரும்பியது. இன்று நல்ல நிலையில் உள்ள ஜி.டி.350எச் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகிறது.

ஆக அடித்து ஓட்டியும் வாழ்ந்துவிட்டன என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி எழுதுவது ஏமாற்று. நாம் பார்ப்பது பிழைத்தவற்றை மட்டும்தான். பிழைத்தவற்றிலும் எத்தனையில் பிறந்தபோது இருந்த என்ஜின் இருக்கிறது? கைப்பிடியையும் மாற்றி அலகையும் மாற்றிய அரிவாளைத் தாத்தா அரிவாள் என்று சொல்வது போலத்தான் இது.

என் பார்வையில் பழைய காரின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உலோகம் கிடையாது, விலை. பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையைத் தாண்டும் நாளில் கார் சாகிறது, அன்று அதன் என்ஜின் நன்றாகவே இருந்தாலும். எழுபதுகளில் ஆயிரம் டாலர் வண்டிக்கு இரண்டாயிரம் டாலர் வேலை என்றால் அது கழிவுக் கிடங்குக்குத்தான் போகும். இன்று லட்சம் டாலர் வண்டிக்கு முப்பதாயிரம் டாலரில் என்ஜின் வேலை செய்ய ஆள் வரிசையில் நிற்கிறார்கள். பக்குவமாக ஓட்டப்பட்டு, எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத எத்தனையோ 1966 மாடல் குடும்பக் கார்கள் எப்போதோ நசுக்கப்பட்டுத் தகடாகிவிட்டன. அவற்றை ஓட்டியவர்கள் ஒருநாளும் சிவப்புக் கோட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

*

ஹெர்ட்ஸ் வண்டியைத் திருப்பி வாங்கும் ஊழியருக்குத் தெரிந்தது ஓடிய மைல் மட்டும். ஓட்டிய விதம் ஓட்டியவரோடு போய்விட்டது. பின்னால் வந்த வேகக் கார்கள் அதை நிரப்பத் தொடங்கின. 1998இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 காரின் சுழற்சி மீட்டரைச் சுற்றி விளக்குகள் இருந்தன. ஆயில் ஆறியிருக்கும்போது சிவப்புக் கோடு கீழே இறங்கியிருக்கும், ஆயில் சூடேற ஏற விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து கோடு மேலே போகும். வில்லியம்ஸ் உயிரோடு இருந்து அந்த மீட்டரைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். 2007இன் நிஸ்ஸான் ஜி.டி.-ஆர் ஓட்டுநர் என்ன செய்தார் என்பதைத் தன் கணினியில் பதிந்துகொண்டது.

போர்ஷே ஒரு படி மேலே போனது. அதன் என்ஜின் கணினி, சுழற்சி எல்லை தாண்டிய ஒவ்வொரு தருணத்தையும் படிநிலை வாரியாக எண்ணி வைத்துக்கொள்கிறது. எந்தப் படியில் எத்தனை முறை தீப்பொறி விழுந்தது, கடைசியாக அது நடந்தபோது என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தது என்பது வரை. ஆக்சிலரேட்டரை மிதித்து மேல்படிகளை எட்ட முடியாது, லிமிட்டர் வெட்டிவிடும். ஆகவே மேல்படியில் ஓர் எண் இருந்தால், யாரோ ஒருநாள் கியரைத் தவறாகப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். பழைய போர்ஷே வாங்குகிறவர்கள் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். முதல் படியில் ஆயிரக்கணக்கில் எண்கள் இருந்தாலும் அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை, வண்டி வண்டியாக ஓட்டப்பட்டிருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். கடைசிப் படியில் ஒரு சின்ன எண் இருந்தால் பேரம் அங்கேயே நிற்கும். புரோக்கர் எவ்வளவு தாழ்ந்த குரலில் பேசினாலும்.

2006இல் ஃபோர்டும் ஹெர்ட்ஸும் மறுபடி சேர்ந்து கறுப்பும் தங்கமுமாய் 500 மஸ்டாங்குகளை வாடகைக்கு விட்டன. அனைத்தும் ஆட்டோமேட்டிக். ஷெல்பி அப்போது உயிரோடு இருந்தார். அடித்து ஓட்டப்பட்ட அவருடைய சொந்த என்ஜினும் 1990இல் மாற்றப்பட்டிருந்தது. மாற்று இதயத்தோடு 2012 வரை வாழ்ந்தார், 89 வயது.

பழைய ஜி.டி.350எச் வண்டிகளுக்கு இப்போது போலிகள் உண்டு. சாதாரண 1966 மஸ்டாங்கை வாங்கி, கறுப்பு அடித்து, தங்கக் கோடு போட்டு, ஒருகாலத்தில் பிடுங்கியெறியப்பட்ட ஹெர்ட்ஸ் சின்னத்தைத் தேடி மாட்டுகிறார்கள். அந்த பிரேக் எச்சரிக்கை ஸ்டிக்கரும் புதிதாக அச்சடித்து விற்கப்படுகிறது. ஒருநாளும் வாடகைக்குப் போகாத வண்டிகளில், சாதாரண பிரேக்குக்கு மேலே, பலமாக மிதிக்கச் சொல்லி அது ஒட்டியிருக்கிறது.